தொட்டி இருந்த இடம்

காட்டுப் பூங்காவிலிருந்த குப்பைத்தொட்டிகளை எல்லாம் பெயர்த்து லாரியில் ஏற்றி அனுப்பிய அன்று, பூங்காவின் கண்காணிப்பாளர் நேராகத் தன் அக்கா வீட்டுக்கு வந்தார். தேர்தலில் ஜெயித்தவர் போல நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். வீட்டுக்குள் அவர் கண்காணிப்பாளர் அல்ல, தம்பிதான். ஆனால் அந்த வித்தியாசம் சில நாட்களாக அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"முடிச்சாச்சுக்கா. ஒரு தொட்டி கூடக் கிடையாது. இனிமே அவனவன் கொண்டுவந்ததை அவனவனே சுமந்துட்டுப் போகணும்."

அக்கா அப்பாவுக்கு ஸ்பூனால் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் பாதியில் நின்றது.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"கழிவறைக்குள்ள மூடி போட்ட டப்பா ஒண்ணு இருக்குமே, அது?"

"அதைத்தான் முதல்ல எடுத்தேன். அதுக்குள்ள என்னென்ன போடறாங்க தெரியுமா? சொன்னா நீ இன்னைக்குச் சாப்பிட மாட்டே. ஜனமாக்கா இது? மிருகம் கூட ஒரு ஒழுங்கா நடந்துக்கும்."

அவன் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொட்டிகள் நிரம்பி வழிந்தது உண்மை. காகங்களும் நரிகளும் பைகளை இழுத்துக் கிழித்ததும் உண்மை. போன கோடையில் ஓடை ஓரமாக ஒரு பெண்மான் செத்துக் கிடந்தது. கால்நடை மருத்துவர் அதன் வயிற்றைக் கீறியபோது அவன் பக்கத்தில் நின்றான். உள்ளே புல் இல்லை; பந்தாக உருண்ட பிளாஸ்டிக் பைகள்தான் இருந்தன. அன்றைக்கு இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். அந்த அழுகை நிஜமானது. பிறகு அந்த மானைப் பற்றிக் கூட்டங்களில் பேசக் கற்றுக்கொண்டான். பேசப் பேச மான் சின்னதாகி, அவன் பெரியவனாகிக்கொண்டே போனான். இப்போது கையில் நீண்ட இரும்பு இடுக்கி இல்லாமல் அவன் வெளியே வருவதில்லை. பூங்கா ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் 'இடுக்கி சார்' என்றுதான் சொல்வார்கள். அதைக்கூட அவன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

"கைக்குழந்தையோட வர்றவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"கொண்டுவரத் தெரிஞ்சவங்களுக்குக் கொண்டுபோகத் தெரியாதா?"

"அது இல்லடா. குழந்தைத் துணி, அழுக்கு…"

"பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும். பெத்தவங்களுக்கு என்ன அருவருப்பு?"

"தொட்டி இல்லன்னா குப்பையே இருக்காதுங்கற. ஆஸ்பத்திரியை மூடிட்டா நோயும் இருக்காதா?"

தம்பி சிரித்தான். "நீ வீட்டுக்குள்ளயே இருக்கற. உனக்கு ஜனங்களைப் பத்தித் தெரியாது."

"வயசானவங்க…" என்று தொடங்கினாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். இறைஞ்சலும் அதட்டலும் கலந்த பார்வை. அவள் ஸ்பூனை மறுபடி கிண்ணத்தில் விட்டாள்.

அப்பா தையல்காரர். கோட்டு தைத்துக் கொடுத்தால் அதில் ஒரு நூல் பிசிறு கூட இருக்காது என்று பேர் வாங்கியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபின், பேச்சு ஒற்றைச் சொற்களாகச் சுருங்கிவிட்டது. உடம்பின் கட்டுப்பாடும் போயிற்று. பெரியவர்களுக்கான டயாப்பர்தான். அது மட்டும் மகனுக்குத் தெரியக் கூடாது. மகன் வரும் நாளில் இஸ்திரி போட்ட சட்டை, மடியில் போர்வை, ஒரு பக்கமாகச் சீவிய தலை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து மான் கதை பேசிவிட்டு, மாற்றவேண்டிய நேரம் வருவதற்குள் போய்விடுவான். "சொல்லாத" என்று அப்பா இடது கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்ன நாளிலிருந்து, அவள் சொல்லவில்லை.

அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அப்பா நாள் முழுக்க அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமைகளில் மட்டும் அவள் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து பஸ்ஸில் ஏற்றிக் காட்டுப் பூங்காவுக்கு அழைத்துப்போவாள். உயரமான மரங்களின் கீழே நாற்காலியை நிறுத்தினால், அவர் தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்ப்பார். கிளம்பலாமா என்று கேட்டால் "இன்னும்" என்பார். வாரம் முழுவதிலும் அவர் எதையாவது வேண்டும் என்று கேட்பது அங்கே மட்டும்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் மற்ற ஆறு நாட்களையும் ஓட்டினாள்.

பூங்காவில் சக்கர நாற்காலிக்கென்று அகலமான கழிவறை ஒன்று உண்டு. நடுவே ஒருமுறை அங்கே வைத்துத்தான் அவருக்கு மாற்றிவிடுவாள். சுருட்டி, பையில் போட்டு, இரண்டாவது பையிலும் போட்டு, இறுக்கிக் கட்டி, அங்கேயே இருந்த டப்பாவில் போட்டுவிட்டுக் கைகழுவுவாள். ஆயிற்று. ஒரு மனிதனின் மானத்தைக் காப்பாற்ற அந்த மூடிபோட்ட தகர டப்பா போதுமாயிருந்தது.

தொட்டிகள் போன பிறகு வந்த சனிக்கிழமை, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வெயில் நாள். பஸ்ஸில் கூட்டம். முதலில் ஒரு பெண் ஜன்னலைத் திறந்தாள். பிறகு இன்னொருத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் நாற்காலியைச் சுற்றி ஒரு வட்டம் காலியாயிற்று. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்:

"என்னம்மா கொண்டு வர்றீங்க? பொணமா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூங்குபவரின் முகம் அப்படி இறுகியிருக்காது.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டு வாசல் நிலையை இடது கையால் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் விரல் விரலாக எடுத்துப் பார்த்தாள். எடுத்த விரல் திரும்பப் போய்ப் பிடித்தது. போகவில்லை. அதற்கும் அடுத்த வாரம், அவர் காதருகே குனிந்து சொன்னாள்: "பஸ்ல எதையும் கொண்டுவர மாட்டேன்ப்பா. சத்தியமா." கை தளர்ந்தது.

சத்தியம் செய்துவிட்டாளே தவிர, என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பூங்காவுக்குப் போனதும் தெரிந்துவிட்டது. ஜனங்களைத் திருத்தக் கிளம்பிய அவள் தம்பி, தொட்டிகளைத்தான் பெயர்த்திருந்தான். தொட்டி பொருத்தியிருந்த சதுரமான சிமெண்ட் மேடைகள், துருப்பிடித்த போல்ட்டுகளோடு அப்படியே இருந்தன. அவற்றின்மேல் ஜனங்கள் தங்கள் குப்பையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இறைத்துவிட்டுப் போகவில்லை. காகிதக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, பைகளின் காதைக் கட்டி, சுவாமி முன்னால் வைப்பது போல ஒழுங்காக வைத்திருந்தார்கள். மிருகத்துக்கும் கீழே என்று அவன் சொன்ன ஜனங்கள்.

அவள் பையை இரண்டு மடங்காகப் போட்டாள். கட்டுவதற்கு, கையில் எப்போதும் இருக்கும் துணி நாடாவை எடுத்தாள். அப்பாவின் கடையில் கோட்டுத் துணியின் ஓரக்கரையைக் கிழித்து நாடாவாகச் சுற்றி வைப்பார்கள். கருநீலத்தில் ஒரு சிவப்பு இழை ஓடும். அந்த வீட்டில் பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து மருந்துப் பொட்டலம் வரை எல்லாவற்றையும் அந்த நாடாவால்தான் கட்டுவார்கள். கட்டி, மேடையின் ஓரத்தில், மற்றவர்களின் பொருளில் படாமல் வைத்தாள். 'இதை எடுக்கப்போற கை யாரோடதோ, அவங்களுக்கு ஒரு குறையும் வராம பார்த்துக்கோ கடவுளே' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். வேறென்ன செய்ய முடியும்.

அப்பா அன்றைக்கு வெகுநேரம் மரங்களுக்குக் கீழே இருந்தார். இரண்டு முறை "இன்னும்" என்றார்.

திரும்பும்போது வாசலில் கூட்டம். பூங்காவுக்கு ஒரே வாசல்தான். அதற்கு முன்னால் நீளமான மேசை போட்டு, 'இது உங்களுடையதா?' என்று பெரிய எழுத்தில் துணி கட்டியிருந்தார்கள். நடைக்குழுவினர் பச்சை மேல்சட்டை அணிந்து வரிசையாக நின்றார்கள். இவர்கள் காலையில் கார்களில் வந்து, காட்டுக்குள் அரைச் சுற்று நடந்து, மற்றவர்களின் குப்பையைப் பொறுக்கி, மத்தியானம் அதைக் கண்காட்சியாக வைப்பவர்கள். குப்பை கிடைக்காத நாளில் அவர்கள் முகம் வாடிவிடும் என்று ஊழியர்கள் பேசிக்கொள்வார்கள். பைகளைத் திறந்து உள்ளே ரசீதோ விலாசமோ இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். கிடைத்தால் அபராதக் கடிதம் போகும்.

மேசைக்குப் பின்னால் தம்பி, கையில் இடுக்கியோடு நின்றான். பக்கத்தில் நடைக்குழுத் தலைவி. மேசைமேல், கோப்பைகளுக்கும் போத்தல்களுக்கும் நடுவில், கருநீல நாடா கட்டிய பை.

அக்கா நாற்காலியை நிறுத்திவிட்டாள். பின்னால் திருப்பலாம் என்றால் பின்னாலும் ஆட்கள். அப்பாவும் பையைப் பார்த்துவிட்டார்.

"இதைத் திறங்க சார். கனமா இருக்கு, உள்ள ஏதாவது பில்லு இருக்கும்" என்றார் தலைவி.

தம்பி இடுக்கியால் பையைத் தூக்கித் தன்பக்கம் இழுத்தான். கத்தியை எடுத்தான். நாடாவைப் பார்த்தான்.

அவன் கை நின்றதை அக்கா பார்த்தாள். நாடாவின் சிவப்பு இழை ஓடும் இடத்தை அவன் கட்டைவிரல் ஒருமுறை தடவியது. பிறகு தலையைத் தூக்கிக் கூட்டத்தில் தேடினான். அவளைக் கண்டுபிடித்தான். நாற்காலியைக் கண்டுபிடித்தான். அப்பாவின் முகத்தில் ஒரு நொடி நின்று, கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"என்ன சார் யோசனை?" என்றார் தலைவி.

அந்த இடத்தில் அவன் பையை ஓரமாக வைத்திருக்கலாம். 'இதுல ஒண்ணும் இருக்காது, விடுங்க' என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு வாய் வார்த்தை போதும். ஆனால் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிறார்களே என்ற பயம், பெற்றவர் முகத்தைக்கூட மறைத்துவிடும் போலிருக்கிறது.

நாடாவை அறுத்தான். பையைக் கவிழ்த்தான்.

"சீ" என்றது கூட்டம். முன்னால் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். யாரோ சிரித்தார்கள். "எந்தக் கிழமோ, காட்டுக்கு வந்துதான் போகணும்னு வேண்டுதல் போல" என்றார் பச்சை மேல்சட்டைக்காரர் ஒருவர். அதற்கும் சிரிப்பு. தலைவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாலும், எட்டிப் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

"பாருங்க" என்றான் தம்பி. கனைத்துக்கொண்டு, கூட்டங்களில் பேசும் குரலை எடுத்தான். "பாருங்க. தொட்டி வை, தொட்டி வைன்னு கேக்கறவங்களோட லட்சணம் இதுதான். மானத்தோட வாழறவங்க செய்யற காரியமா இது?"

அப்பாவின் இடது கை போர்வையை மெல்ல மேலே இழுத்தது. மடியிலிருந்து மார்புக்கு. மார்பிலிருந்து வாய்க்கு.

டிக்கெட் கொடுக்கும் பெண் தன் கூண்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது அப்போதுதான். அவள் அக்காவைச் சனிக்கிழமைகளில் பார்ப்பவள். ஒன்றிரண்டு தடவை கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று உதவியிருக்கிறாள். கண்காணிப்பாளருக்கு இவள் அக்கா என்பது அவளுக்குத் தெரியாது. போர்வை ஏறுவதை மட்டும் அவள் பார்த்திருந்தாள்.

"சார், அது என்னோடது" என்றாள்.

"என்னது?"

"எங்க வீட்டுக்காரருக்கு உடம்பு முடியல சார். காலைல அவசரத்துல கையோட கொண்டுவந்துட்டேன். போட இடம் இல்ல. மன்னிச்சுக்கோங்க."

அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஊழியர்கள் எல்லாருக்கும் தெரியும். கண்காணிப்பாளருக்கும் தெரியும். ஆனால் அவன் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை அக்கா பார்த்தாள். தண்ணீரில் மூழ்குகிறவன் கையில் கட்டை கிடைத்த நிம்மதி. அவன் அந்தப் பொய்யை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"உன் வீட்டு அசிங்கத்தைக் கொட்டறதுக்கா சம்பளம் கொடுக்கறாங்க? உன்னை மாதிரி ஆளை வாசல்ல வச்சா ஜனம் எப்படித் திருந்தும்? திங்கக்கிழமை ஆபீஸ்ல வந்து என்னைப் பாரு. வேலை இருக்கா இல்லையான்னு சொல்றேன்."

"சரி சார்" என்றாள் அந்தப் பெண். தலையைக் குனிந்தாளே தவிர, குரலில் குனிவு இல்லை.

அக்காவுக்குத் தம்பிமேல் கோபம் வரும் என்றுதான் அவளே நினைத்தாள். கோபம் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டில் எதையோ பார்த்துவிட்டால் வருமே, அது வந்தது. மேசையில் கிடந்ததைப் பார்த்து வரவில்லை. அதற்குப் பின்னால் நின்றதைப் பார்த்து வந்தது. அப்பாவிடம் குனிந்தாள்.

"சொல்லிடட்டுமாப்பா?"

போர்வைக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவை டிக்கெட் பெண் பக்கம் போயின. பிறகு மகளிடம் திரும்பின. தலை ஒருமுறை அசைந்தது.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேசைக்கு நேராக வந்தாள். கூட்டம் வழிவிட்டது.

"அந்தப் பொண்ணை விட்டுருங்க. அது என்னுது. எங்கப்பாவுக்கு மாத்தினது." அவள் குரலை உயர்த்தவில்லை. "அவ பொய் சொல்றான்னு இந்த சாருக்குத் தெரியும். அது யாரோடதுன்னு அறுக்கறதுக்கு முன்னாடியே தெரியும். ஏன்னா அது இவருக்கும் அப்பாதான்."

தலைவி திடீரென்று ஒரு காலிக் கோப்பையை எடுத்து அதன் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினார். வேண்டுதல் என்று சொன்னவர் தன் பச்சை மேல்சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக, அவசர வேலை ஞாபகம் வந்தவர்கள் போல நகர்ந்தார்கள்.

"அக்கா, ஏன் என்கிட்ட சொல்லல?" என்றான் தம்பி மெதுவாக.

"சொல்லக்கூடாதுன்னார். நீ அருவருத்துருவேன்னு பயந்தார். என் தம்பி அப்படி இல்லப்பான்னு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தெரியுமா? இன்னைக்கு அவர் முன்னாடி என்னைப் பொய்யாக்கிட்ட."

"மான்…" என்று ஏதோ ஆரம்பித்தான்.

"மானுக்கு அழுதியே, அது உன் நல்ல மனசுதான்டா. அதை அங்கேயே நிறுத்திட்ட பாரு, அதான் அசிங்கம். மேசையில கிடக்கறது இல்ல."

அப்பாவின் கை போர்வையை விட்டது. காட்டுப் பக்கமாக விரலை நீட்டினார். "உள்ள" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் அவள் திருப்பினாள். கொஞ்ச தூரம் போனதும்தான், அவர் ஏன் கேட்டார் என்று புரிந்தது. அந்த அதிர்ச்சியில் உடம்பு மறுபடி நனைந்திருந்தது. நாற்காலியை அகலமான கழிவறைக்குள் தள்ளி, மாற்று டயாப்பரை எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.

கதவைத் தட்டும் சத்தம். டிக்கெட் பெண், மூடிபோட்ட ஒரு வாளியோடு நின்றாள்.

"இதை இங்கயே வச்சுட்டுப் போறேன்க்கா. இனிமே இதுல போடுங்க. சாயங்காலம் ஆபீஸ் குப்பை எடுக்க வர்ற லாரில நான் சேர்த்துடறேன்."

"உங்க சார்கிட்ட கேட்டீங்களாம்மா? வேற வம்பு வந்துடப்போவுது."

"கேக்கணுமா என்ன? பின்னாடியேதான் நிக்கறாரு."

அவள் விலகிப் போனதும், அவன் தெரிந்தான். வாசற்படிக்கு வெளியே, வெறுங்கையோடு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றான். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா அவனை உள்ளே கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவள் மனசில் இருந்த கசப்பு இன்னும் போகவில்லை. ஒரு நாளில் போகிற கசப்பும் இல்லை அது. ஆனால் அப்பாவின் உடம்பு கனம். இத்தனை காலம் அதை ஒற்றை ஆளாகத் தூக்கிய முதுகு, இன்னொரு ஜோடி கையைக் கண்டதும் தன்னால் நகர்ந்து இடம் கொடுத்தது.

"நான் என்னக்கா செய்யணும்?"

"கதவைச் சாத்து. இந்தப் பக்கம் வா. இடுப்புக்குக் கீழ கையைக் கொடு. பலமாத் தூக்காத, அவர் ஒண்ணும் மூட்டை இல்ல."

அவன் கையைக் கொடுத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கினான். அதனால் கோணலாகத் தூக்கினான். அப்பாவின் தோள் சுவரில் இடித்தது. "பார்த்துத் தூக்குடா. கண்ணைத் திறந்து பாரு" என்றாள். அவன் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் அப்பாவின் மெலிந்த தொடைகளை, சிவந்து புண்ணாகியிருந்த தோலைப் பார்த்தான். அவன் உதடு கோணியது. ஆனால் கையை எடுக்கவில்லை.

"இந்த ஒட்டு எந்தப் பக்கம் வரும்?"

"பின்னாலிருந்து முன்னால. அது தலைகீழா இருக்கு. திருப்பு."

அவன் திருப்பினான். மறுபடியும் தவறாகத்தான் திருப்பினான்.

அப்பா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, மகனின் தடுமாறும் விரல்களை, கோணல் தையலைப் பார்ப்பது போல, மேலும் கீழும் பார்த்தார். வாயைத் திறந்தார். பல மாதங்களுக்குப் பிறகு ஒற்றைச் சொல்லைத் தாண்டி ஒன்று வந்தது.

"இவனுக்கு… ஒண்ணும்… தெரியல."

"ஆமாப்பா" என்றாள் அக்கா, ஒட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டே. "அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லுங்க. கத்துக்கட்டும்."